பிழையோடு பிழைத்திருக்கும் விளையாட்டுகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்தவற்றைப் பற்றி மட்டும் பேசுவதாக இல்லை. புகழ்பெற்ற ஒரு விளையாட்டைப் பற்றி இணையத்தில் யாராவது தவறாக ஒரு வரி எழுதினால், பொழுது சாய்வதற்குள் பத்துப் பேர் திருத்திவிடுவார்கள். என் கவலையெல்லாம் திருத்த ஆளில்லாத விளையாட்டுகளைப் பற்றியது. சில நூறு கேசட்டுகளாகவோ நாணயம் போட்டு ஆடும் சில டஜன் ஆர்கேட் இயந்திரங்களாகவோ வெளிவந்து, சத்தமில்லாமல் மறைந்தவை அவை. தேடினால் மூன்று செய்திகள் கிடைக்கும்: பெயர், ஆண்டு, நிறுவனம். அவற்றில் ஒன்று தவறென்றால், அந்த விளையாட்டின் வரலாற்றில் மூன்றில் ஒரு பங்கு பொய். தமிழில் பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல். பிழைத்தல் என்றால் தவறுதலும்தான். இந்த விளையாட்டுகள் இரண்டு பொருளிலும் பிழைத்திருக்கின்றன.

முதலில், இல்லவே இல்லாத ஒரு விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். 1981-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் 'பாலிபியஸ்' என்ற ஆர்கேட் இயந்திரம் வைக்கப்பட்டதாம். ஆடியவர்களுக்கு மறதியும் கெட்ட கனவும் வந்தனவாம். கறுப்பு உடையணிந்த சிலர் வந்து இயந்திரத்திலிருந்து குறிப்பெடுத்துப் போனார்களாம். சில வாரங்களில் இயந்திரமே மாயமாகிவிட்டதாம்.

இந்த 'ஆம்' விகுதியை வேண்டுமென்றேதான் போடுகிறேன். நம் மொழி நமக்குத் தந்திருக்கும் பெருங்கொடை அது. 'வந்தது' என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். 'வந்ததாம்' என்றால் பொறுப்பு வேறு எங்கோ இருக்கிறது, போய்த் தேடிக்கொள் என்று ஒரே விகுதியில் சொல்லிவிடுகிறார். பாலிபியஸ் கதையைத் தேடிப் போனவர்களுக்கு 1980களின் விளையாட்டு இதழ்களில் ஒரு விளம்பரம்கூடக் கிடைக்கவில்லை. இயந்திரமும் இல்லை, அதன் சிப்பும் இல்லை. கதையின் தடம் 2000-ஆம் ஆண்டை ஒட்டிய இணையப் பக்கம் ஒன்றோடு நின்றுபோகிறது. 2003-இல் ஓர் அமெரிக்க விளையாட்டு இதழ் அதை அச்சில் ஏற்றியது. ஆனால் கதைக்கு அடியில் உண்மையின் இழை ஒன்றும் ஓடுகிறது. 1981-இல் அதே நகரத்தில், விடாமல் மணிக்கணக்கில் ஆடி உடல்நலம் கெட்ட சிறுவர்கள் இருந்தார்கள். சூதாட்டம் நடப்பதாகச் சந்தேகித்து ஆர்கேட் கூடங்களில் அரசு அதிகாரிகள் சோதனையும் நடத்தினார்கள். இரண்டையும் ஒட்டவைத்து, நடுவில் ஓர் இயந்திரத்தை நிறுத்தி, 'ஆம்' விகுதியைக் கழற்றி எறிந்தால் வரலாறு தயார்.

விகுதி கழன்று விழும் தருணத்தை நம்மால் கண்ணால் பார்க்க முடிந்த ஒரு நிகழ்வும் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், எனக்கு அது மிகவும் பிடித்தமானது. 1991-இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேட் விளையாட்டில், ரியூ என்ற வீரன் வென்றதும் ஒரு வசனம் சொல்வான். ஜப்பானிய மூலத்தில் அதன் பொருள், 'என் ஷோர்யூக்கென் அடியை முறியடிக்காதவரை உனக்கு வெற்றி இல்லை' என்பது. ஷோர்யூக்கென் என்பது அவன் மேலெழும்பிக் குத்தும் குத்தின் பெயர். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது அந்த எழுத்துகள் சீன ஒலிப்பில் படிக்கப்பட்டன. விளைவு, 'ஷெங் லாங்கை வீழ்த்தினால்தான் உனக்கு வாய்ப்பு' என்றாகிவிட்டது. ஒரு குத்து, ஓர் ஆளாக மாறியது.

யார் இந்த ஷெங் லாங் என்று ஆடுபவர்கள் தேடத் தொடங்கினார்கள். 1992 ஏப்ரலில் எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி என்ற இதழ், முட்டாள்கள் தினத்துக்காக ஒரு குறிப்பை அச்சிட்டது: கடைசி எதிரி வரை ஒரு அடிகூட வாங்காமல் போக வேண்டும், அவனோடு இருபுறமும் அடி விழாமல் பத்துச் சுற்றுகளைச் சமனில் முடிக்க வேண்டும், அப்போது ஷெங் லாங் தோன்றுவார். ஏப்ரல் மாதம் என்பதைக் கவனிக்காத வேறு இதழ்கள் அதை உண்மைச் செய்தியாகவே எடுத்துப் போட்டன. எத்தனையோ பேர் எத்தனையோ நாணயங்களைப் போட்டுப் போட்டு முயன்றிருப்பார்கள். மொழிபெயர்ப்புப் பிழை, வேடிக்கை, மறுபதிப்பு என்று மூன்றே படிகள்தான். ஏட்டுச்சுவடி காலத்திலிருந்து நாம் இடைச்செருகல் என்றும் பாடபேதம் என்றும் சொல்லிவருவது இதையேதான்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இன்றும் மதிப்புள்ள பக்கங்களிலெல்லாம் நிற்கிறது. 1978-இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது, அரசு கூடுதலாக நாணயம் அடிக்க வேண்டியதாயிற்று என்பார்கள். நாணயச் சாலையின் கணக்கோ வேறு சொல்கிறது. 1978-இலும் 1979-இலும் அடிக்கப்பட்ட 100 யென் நாணயங்கள், 1977-இல் அடிக்கப்பட்டதைவிடக் குறைவு. கணக்கைப் பார்க்காமலேகூடச் சந்தேகப்பட்டிருக்கலாம்: இயந்திரத்தில் விழுந்த நாணயத்தை அதன் உரிமையாளர் எடுத்து வங்கியில் போடத்தானே செய்வார்?

இவ்வளவு பெயர்பெற்ற விளையாட்டுகளுக்கே இந்த நிலை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்தது, அதில் ஐயமில்லை. அமெரிக்காவில் எந்த நாளில் கடைக்கு வந்தது என்பதற்கோ ஒன்றுக்கொன்று முரணான விடைகள் உலவுகின்றன. அப்படியிருக்க, பெயர் தெரியாத விளையாட்டின் கதி என்னவாகும்?

பிழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் சோம்பலிலிருந்தோ வஞ்சகத்திலிருந்தோ வருவதில்லை. பொருளே அப்படி. 1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் பல, போட்டியாளர்கள் ஆளை இழுத்துக்கொண்டுவிடக் கூடாதென்று, உருவாக்கியவர்களின் உண்மைப் பெயர்களை விளையாட்டில் காட்டவிடவில்லை. பட்டப்பெயர்களும் முதலெழுத்துகளும்தான் திரையில் ஓடின. மெகா மேன் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் வந்த முதல் விளையாட்டை வழிநடத்தி, அந்த நீலப் பையனை முதலில் உருவாக்கியவர் அகிரா கிதாமுரா. திரையில் அவர் வெறும் 'ஏ.கே.' ஆண்டுக்கணக்கில் அந்தப் பெருமை, அவரோடு வேலை செய்த ஓவியர் கெய்ஜி இனாஃபுனே பெயரில் எழுதப்பட்டது. உருவத்தின் அடிப்படை தான் சேருவதற்கு முன்பே இருந்தது என்று இனாஃபுனேயே மேடையில் சொல்லியும், பழைய வரி பல இடங்களில் அப்படியே கிடக்கிறது. அமெரிக்காவில் அட்டாரியும் பெயர் போட மறுத்த நிறுவனம்தான். அதனால்தான் அங்கே நிரல் எழுதிய வாரன் ராபினெட் தன் பெயரை அட்வென்சர் விளையாட்டுக்குள் ஓர் இரகசிய அறையில் ஒளித்துவைத்தார்.

பெயர்க் குழப்பம் மனிதர்களோடு முடிவதில்லை. கான்ட்ரா என்ற விளையாட்டு ஐரோப்பாவின் நின்டெண்டோ வீட்டுக் கருவிக்குப் போனபோது, மனித வீரர்கள் இயந்திர மனிதர்களாக மாற்றப்பட்டு 'புரோபொடெக்டர்' ஆனது. ஒன்றை இரண்டென்று எண்ணுபவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, 1988-இல் நின்ஜா கெய்டன் என்ற ஒரே பெயரில் ஆர்கேடில் ஒரு விளையாட்டும், வீட்டுக் கருவியில் முற்றிலும் வேறொரு விளையாட்டும் வந்தன. அவற்றை ஆடிப் பார்த்தவர் குழம்ப மாட்டார். ஆனால் ஆடிப் பார்ப்பதுதான் இன்று கடினம். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வில் சொன்னது. மூலப்பிரதி கைக்கு எட்டாதபோது, படித்தவர் எழுதுவார். அதைப் படித்தவர் மறுபடி எழுதுவார்.

எழுதுவது எவ்வளவு எளிதோ, சரிபார்ப்பதும் முடியாத காரியமில்லை. ஆர்கேட் இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகையில் உள்ள பல சிப்புகளின் முதுகில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 8243 என்று இருந்தால் அந்தச் சிப் 1982-ஆம் ஆண்டின் 43-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. சிப்பை யாரும் பின்னால் மாற்றவில்லை என்றால், பலகை அதற்கு முன் பிறந்திருக்க வழியில்லை. வணிகர்களுக்காக வெளிவந்த பிளே மீட்டர், ரீபிளே போன்ற இதழ்களைப் புரட்டினால் இயந்திரம் எந்த மாதம் விளம்பரமானது என்று தெரியும். பதிப்புரிமைப் பதிவேடு இருக்கிறது. சிப்பில் உள்ள நிரலை முழுதாகப் படியெடுத்து, அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டால், அசல் எது, திருட்டுப் படி எது என்று பிரித்துவிடலாம். பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் இயங்கவைக்க 1997-இல் தொடங்கிய மேம் திட்டத்தில் தன்னார்வலர்கள் இந்த வேலையை இத்தனை ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

மண்ணைத் தோண்டியே சரிபார்த்ததும் உண்டு. அட்டாரி தன் விற்காத கார்ட்ரிட்ஜ்களை, அதாவது வீட்டுக் கருவியில் செருகி ஆடும் விளையாட்டுப் பெட்டிகளை, 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் புதைத்தது என்பதை வெறும் கட்டுக்கதை என்றார்கள் ஒரு சாரார். இ.டி. என்ற திரைப்படத்தை வைத்துச் செய்த விளையாட்டின் பல லட்சம் கார்ட்ரிட்ஜ்கள் மட்டுமே அங்கே கிடக்கின்றன என்றார்கள் இன்னொரு சாரார். 2014 ஏப்ரல் 26 அன்று தோண்டினார்கள். கார்ட்ரிட்ஜ்கள் இருந்தன. இ.டி.யும் இருந்தது, ஆனால் எடுத்தவற்றில் அது ஒரு சிறு பங்குதான். பல வேறு விளையாட்டுகள் கலந்துகிடந்தன. நம்பியவரும் தவறு, மறுத்தவரும் தவறு.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். 1980களின் வீட்டுக் கணினி ஒன்றுக்காக வந்த ஒரு சிறிய கேசட் விளையாட்டைப் பற்றி நான் முன்பு குறிப்பெழுதினேன். ஆண்டு 1984 என்று போட்டேன். தலைப்புத் திரையில் அப்படித்தான் இருந்தது. நிரல் எழுதியவர் தான் எழுதி முடித்த ஆண்டைத்தான் அங்கே போடுவார், கடைக்கு வந்த ஆண்டு வேறாக இருக்கலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிற்பாடு அந்தக் காலத்து இதழ் ஒன்றில் 'விரைவில் வருகிறது' என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். இதழின் தேதி 1985. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேடிப் பார்த்தால் என் வரி பல பக்கங்களில் பரவியிருந்தது, சிலவற்றில் என் சொற்களோடே. ஓர் இணையதளத்துக்குத் திருத்தம் அனுப்பினேன். 1984 என்பதற்குச் சான்று இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தச் சான்று, என்னைப் பார்த்து எழுதிய இன்னொரு பக்கம்.

இப்போது கேள்வி கேட்டால் பதில் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும் வந்துவிட்டன. பல லட்சம் வரிகள் எழுதப்பட்ட பொருளில் ஒரு தவறான வரி அமுங்கிப்போகும். மூன்றே வரிகள் உள்ள பொருளில் அந்த ஒரு வரிதான் பதில். அதுவும் 'ஆம்' விகுதி இல்லாமல், ஐயத்தின் சாயலே இல்லாமல் வரும்.

ஆகவே எழுதுகிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டு எழுதினால் பக்கத்திலேயே எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 'தலைப்புத் திரையின்படி' என்று எழுதுங்கள். 'விளம்பரத்தின்படி' என்று எழுதுங்கள். கேள்விப்பட்டது மட்டும்தான் என்றால் தயங்காமல் 'வந்ததாம்' என்றே எழுதுங்கள். நான் அன்று 'தலைப்புத் திரையின்படி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால், பின்னால் வந்தவர் திரைக்கும் கடைக்கும் உள்ள வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்திருப்பார். இந்த விளையாட்டுகளை எழுதியவர்கள் பலர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது, நிறைய இல்லை.

அந்தக் கேசட் விளையாட்டுக்காக விளம்பரத்தின் படத்தையும் இதழின் அட்டையையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். இரண்டு பக்கங்கள் 1985 என்று மாற்றிவிட்டன. மற்றவற்றில் என் 1984 இன்னும் இருக்கிறது. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.