பேஸ்ட் மேல் ஒரு சந்தேகம்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆசிரியை என் பல் கிளினிக்குக்கு வந்தார். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த பேஸ்ட் டியூப் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "டாக்டர், பல் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தப் பேஸ்டுக்கு மாறினதிலிருந்து உதட்டிலும் வாயிலும் புண் வந்துகொண்டே இருக்கிறது. மாமியார் பல்லி எச்சம் பட்டிருக்கும் என்கிறார். எனக்கு இதன் மேல்தான் சந்தேகம்" என்றார்.

நான் டியூபைத் திருப்பி, எறும்பு எழுத்தில் இருந்த பட்டியலைப் படித்தேன். நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தது. "சரி, இது இல்லாத பேஸ்டாக வாங்கித் தேய்த்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். புண் எந்த இடத்தில் வருகிறது, எப்படி ஆரம்பிக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

நாலு மாதம் கழித்து அவரே வந்தார். கையில் தினசரி காலண்டர் தாள்கள். ஆசிரியர் இல்லையா, புண் வந்த நாளையெல்லாம் சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தார். "பாதி சரியாகிவிட்டது டாக்டர், பாதி ஆகவில்லை" என்றார். கன்னத்தின் உட்புறமும் நாக்கின் அடியிலும் மாதாமாதம் வந்த புண் குறைந்துவிட்டது. உதட்டு ஓரத்தில் வரும் கொப்புளம் மட்டும் இரண்டு தடவை, அதே இடத்தில் வந்துவிட்டது. ஒரே பெயரில் அவர் இரண்டு நோய்களைச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உட்புறம் வருவது நாம் எல்லோரும் அறிந்த வாய்ப்புண். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சிறு குழி, சுற்றிலும் சிவப்பு வளையம், காரம் பட்டால் உயிர் போகும். இது தொற்றாது. இரும்புச் சத்தோ பி12 வைட்டமினோ குறைந்தாலும் வரும், நாமே கடித்துக்கொண்டாலும் வரும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடச் சொல்வது இந்தப் புண்ணுக்குத்தான்.

வெளியே, உதடும் தோலும் சேரும் கோட்டில் வருவது வேறு. முதலில் அந்த இடம் குறுகுறுவென்று இருக்கும், லேசாக எரியும். மறுநாள் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். உடைந்து நீர் கசியும், பொருக்குத் தட்டும், ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். இது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸின் வேலை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு இதன் முதல் வகை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், யாரோ கொஞ்சி முத்தம் கொடுத்தபோது வந்திருக்கும்.

வந்த வைரஸ் போவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் வழியே மேலேறி, மண்டை ஓட்டுக்குள் இருக்கும் அதன் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. 1970களில் இறந்தவர்களின் நரம்பு முடிச்சிலிருந்தே இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். காய்ச்சல், வெயில், மாதவிடாய், தூக்கமின்மை, மன அழுத்தம் என்று ஏதாவது தட்டி எழுப்பினால், போன வழியிலேயே திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வருவது அதனால்தான்.

இப்போது பேஸ்டுக்கு வருவோம். சோடியம் லாரில் சல்ஃபேட் நுரைக்காகச் சேர்க்கப்படுவது. பல் தேய்த்த கையோடு ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் கசக்கிறதே, அதற்கும் முக்கியக் காரணமாக இதைத்தான் சொல்கிறார்கள். தோல் எரிச்சலைப் பற்றி ஆராய்பவர்கள் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கப் பயன்படுத்துவதும் இதையேதான். வாயின் உட்புறத் தோலைக் காக்கும் வழவழப்பை இது குறைத்துவிடும். 1994இல் நார்வேக்காரர்கள் இருவர் அடிக்கடி வாய்ப்புண் வரும் 10 பேரிடம் சோதித்தார்கள். இந்தச் சேர்மானம் இல்லாத பேஸ்டால் தேய்த்த மூன்று மாதத்தில் புண்களின் எண்ணிக்கை சராசரியாக 14இலிருந்து 5ஆகக் குறைந்தது. பத்தே பேர்தான், ஒத்துக்கொள்கிறேன். பிறகு வந்த ஆய்வுகள் சில எண்ணிக்கை குறையவில்லை என்றன. சிலவற்றில் வலி குறைந்தது, சீக்கிரம் ஆறியது. எப்படியானாலும் இதெல்லாம் உட்புறப் புண்ணைப் பற்றிய கதை.

உதட்டுக் கொப்புளத்துக்கு இப்படி எழுதிக் காட்டக்கூடிய சாட்சி வெயிலுக்குத்தான் உண்டு. 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அடிக்கடி கொப்புளம் வரும் 38 பேரின் உதட்டில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். வெறும் களிம்பு பூசியபோது 27 பேருக்குக் கொப்புளம் வந்தது. வெயில் தடுப்புக் களிம்பு பூசியபோது ஒருவருக்கும் வரவில்லை. பேஸ்ட் மேல் இவ்வளவு திடமான சாட்சி எதுவும் கிடையாது.

அதற்காகப் பேஸ்டை முழுதாக விடுதலை செய்யவும் எனக்கு மனமில்லை. உதட்டில் அடி பட்டாலும் இந்த வைரஸ் எழும். எங்கள் நாற்காலியிலேயே பார்த்திருக்கிறோம், ஒரு மணி நேரம் உதட்டை இழுத்துப் பிடித்து வேர்ச் சிகிச்சை செய்தால் சிலருக்கு இரண்டு மூன்று நாளில் கொப்புளம் வந்து நிற்கும். பேஸ்டில் வாசனைக்குச் சேர்க்கும் லவங்கப்பட்டை, புதினாச் சத்து போன்றவை சிலருக்கு ஒவ்வாமல் உதடு சிவந்து, அரித்து, வெடிக்கும். அப்படிப் புண்ணான உதட்டில் வைரஸ் விழித்துக்கொள்ளலாம் என்று நினைக்க இடம் இருக்கிறது. நிரூபணம் இல்லை. அப்புறம், அந்த ஒவ்வாமையையே கொப்புளம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்குப் பேஸ்டை மாற்றினாலே சரியாகிவிடும்.

மாற்றுகிறவர்கள் பட்டியலைப் படித்து மாற்றுங்கள். மூலிகை என்று பெரிதாகப் போட்ட டியூப்களிலும் இந்த நுரைப் பொருள் பெரும்பாலும் இருக்கிறது. ஃப்ளோரைடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் புண்ணுக்குப் பயந்து சொத்தையை வாங்கின கதையாகிவிடும். கொப்புளத்தின் மேலேயே பேஸ்டைத் தடவுகிற வைத்தியம் ஒன்று நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம், எரிச்சல்தான் மிச்சம். இந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் குறுகுறுப்பு தொடங்கும்போதே எடுத்தால்தான் பலன் தரும். மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். கொப்புளம் இருக்கும் நாளில் அதைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். பச்சைக் குழந்தையை முத்தமிடவே கூடாது, பிறந்த குழந்தைக்கு இது உயிராபத்து.

அந்த ஆசிரியையின் காலண்டரை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் கொப்புளம், பள்ளி விளையாட்டு விழா முடிந்த மூன்றாம் நாள். காலையிலிருந்து மைதானத்தில் நின்றிருக்கிறார். இரண்டாவது, விடைத்தாள் திருத்தும் முகாமில் காய்ச்சலோடு இருந்த வாரம். புது பேஸ்டையே தொடரச் சொன்னேன். வெயிலில் நிற்கிற நாளில் உதட்டுக்கு வெயில் தடுப்புக் களிம்பும் தலைக்குக் குடையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பல்லி மேல் குற்றமில்லை என்று மாமியாரிடம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டேன். சொல்லியிருக்கிறார். அந்த அம்மா இன்னும் நம்பவில்லையாம்.

வணக்கம்.