உப்புப் போத்தலும் அகத்தியரும்

வணக்கம் நேயர்களே. உங்கள் குசினியில் உப்புப் போத்தல் ஒன்று இருக்கும், அதற்குள் நாலைந்து அரிசி மணிகளும் கிடக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கொழும்பில் உப்பு என்றால் கட்டிபடும், அவ்வளவுதான். அந்த அரிசி மணிகள் தேவைப்படாத ஓர் ஊரைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

ஊரின் பெயர் மார்ஃபா. அமெரிக்காவில், டெக்சாஸின் மேற்குக் கோடி. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்குச் சற்று மேலே, அதாவது நம் பண்டாரவளையை விட உயரம். ஏறத்தாழ 1,800 பேர்; காலையில் கோட்டைக்குப் போகிற ஒரு ரயிலில் முழு ஊரையும் ஏற்றிவிடலாம் போல. மகளுக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்ததால் நானும் மனைவியும் போய் இரண்டரை வருடம் இருந்தோம். திரும்பி வந்த நாளிலிருந்து வெள்ளவத்தையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பாலைவனத்தில் இருந்து என்னதான் செய்தீர்கள், மாஸ்டர்?"

ஒட்டகத்தையும் மணல்மேட்டையும் நினைத்துவிடாதீர்கள். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை என்று பள்ளியில் படித்தோமே, அதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான்: காய்ந்த புல்வெளி, தூரத்தில் மலை, நடுவில் ஒரு ரயில் பாதை. 1880களில் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்திய இடம்தான் பிறகு ஊரானது. தண்ணீருக்காகத் தோன்றிய ஊரில் வருடத்துக்கு 400 மில்லிமீற்றர் அளவுதான் மழை. கொழும்பில் பெய்வது அதைப்போல் ஆறு மடங்கு.

சரி, உடுப்புக் கதைக்கு வருகிறேன். இதை என் மனைவி சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். போய்ச் சேர்ந்த முதல் கிழமை, படுக்கை விரிப்பு, என் சாரம், துவாய் எல்லாவற்றையும் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டு போகிறார். கடைசிச் சாரத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து முதல் விரிப்பைத் தொட்டால், காய்ந்திருக்கிறது! நம்பாமல் என்னைக் கூப்பிட்டார், நானும் தொட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். இங்கே மே மாதத்தில் மூன்று நாள் கொடியில் கிடந்தும் ஒரு மணத்தோடு வரும் துவாயை நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் ஈரத்தின் வேலை, நேயர்களே. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். கொழும்பில் அநேகமாக எல்லாக் காலையும் அப்படித்தான். அங்கே டப்பாவைத் திறந்து வைத்த முறுக்கு மூன்றாம் நாளும் முறுக்காகவே இருந்தது. ஏசிக்குப் பதில் பல வீடுகளில் ஈரமான பாய் போன்ற ஒன்றுக்குள்ளால் காற்றை இழுத்துவிடும் ஒரு பெட்டி. நம் மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தை. இங்கே அதை மாட்டினால் புழுக்கம்தான் கூடும், ஏனென்றால் நம் காற்றுக்குள் இன்னும் ஈரம் போக இடமே இல்லை. அங்கே இரவு குளிர்வதற்கும் ஈரம் இல்லாததுதான் காரணம்: நமக்கு மேலே நீராவி ஒரு போர்வை மாதிரிக் கிடந்து சூட்டைப் பிடித்து வைக்கிறது, அங்கே அந்தப் போர்வை மெல்லிசு. ஜூனில் பகல் 33 பாகை, விடியற்காலையில் 16. பகல் முழுக்க வெயிலைத் திட்டிவிட்டு இரவில் கம்பளி தேடுவோம்.

குறை இல்லையா? ஏன் இல்லை! குதிகால் வெடித்தது, மூக்கில் இரத்தம் வந்தது, கதவுப் பிடியைத் தொட்டால் மின்சாரம் அடித்தது. தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு அவியாது. ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீற்றர் தள்ளி அல்பைன் என்ற ஊரில். தேங்காய் வேண்டுமென்றால் எல் பாசோவுக்கு மூன்று மணித்தியாலம் வண்டி ஓட்டவேண்டும். மனைவி இதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் மழை. ஜூலையில் பின்னேர மேகம் திரளும்போது ஊரே வாசலுக்கு வந்துவிடும். அந்தப் பாலைவனத்தில் கிரியோசோட் என்றொரு புதர், அதன் இலைப் பிசினில் ஈரம் பட்டால் ஒரு வாசனை எழும்பும், துளி விழுவதற்கு முன்னமே காற்று அதைக் கொண்டுவந்து சேர்க்கும். எழுபது வயதுக் கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்தேன். இங்கே மழை வந்தால் நாம் குடையையும் ஓட்டோக்காரரையும் தேடுகிறோம்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிடம்தான். டொனால்ட் ஜட் என்ற கலைஞர் 1970களில் நியூயோர்க்கை விட்டு அங்கே வந்து, பழைய இராணுவக் கொட்டகைகளில் 100 அலுமினியப் பெட்டிகளை வைத்த கதை இருக்கிறது, அதை விடுகிறேன். வானத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மலையில் மெக்டொனால்ட் வானாய்வகம் இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் தெருவிளக்கு மேல்நோக்கி எரியக்கூடாது என்று சட்டம். பெப்ரவரி நடுவில், இரவு ஒன்பதரைக்கு, தெற்கே கையை நீட்டி நாலு விரலைப் படுக்கையாகப் பிடித்தால், அடிவானத்துக்கு மேலே அந்த நாலு விரல் உயரத்தில் ஒரு நட்சத்திரம். நம் அகத்தியர்! அவ்வளவு தாழ்வாக நிற்பதே அங்கே பளிச்சென்று தெரிகிறது. கொழும்பில் அவர் வானத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏறுகிறார், போன பெப்ரவரியில் மொட்டைமாடியில் ஒரு மணித்தியாலம் நின்று தேடினேன், புகார், எதிரே புதுக் கட்டடம், அதன் உச்சியில் சிவப்பு விளக்கு… சரி, ஒரு விரல்தான் மிச்சம். வணக்கம்.