எதிர்த்துப் பேச அவள் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். மறைந்துபோன நண்பர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இதே வேலையை என் தோழியிடம் கொடுத்திருந்தால் பத்து நிமிடம் தாமதமாக வந்திருப்பாள். வந்ததும் நாற்காலி சரியில்லை என்று குறை சொல்லியிருப்பாள். அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. தன்னைக் கேட்காமல் தன் பெயரை யாராவது எங்காவது எடுத்தால் அவளுக்குப் பொறுக்காது. இப்போது கேட்கவும் வழியில்லை.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. இரங்கல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “எப்போதும் சிரித்த முகம், யாரையும் கடிந்து பேசாதவர்” என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். அவளா? பேசிக்கொண்டிருக்கும்போதே நம் வாக்கியத்தில் பிழை திருத்துவாள். வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரமாட்டாள், கேட்டால், “நீ படிக்கவா போகிறாய்?” என்பாள். ஒருமுறை இரண்டு வருடம் என்னோடு பேசாமல் இருந்தாள். காரணம் இன்றைக்குவரை எனக்குச் சரியாகத் தெரியாது. பிறகு ஒரு நாள் காலையில் தொலைபேசியில், “சரி, போதும்” என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

இறந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் குறையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் அங்கே அவள் இல்லை, யாரோ ஒரு நல்ல பெண்மணி நிற்கிறாள். அந்தப் பெண்மணியோடு எனக்குப் பழக்கமில்லை.

அவள் இறந்த அன்று அலுவலகத்தில் விடுப்பு கேட்டேன். படிவத்தில் ‘இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு’ என்று ஒரு கட்டம். தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை என்று வரிசையாகப் போட்டிருந்தது. நண்பர் என்று எழுத இடமில்லை. கடைசியில் ‘சொந்த வேலை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அவள் வீட்டிலும் அப்படித்தான். உறவுக்காரர்கள் முன்னால், நான் பின்னால். அது நியாயம்தான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தேழு வருடப் பழக்கத்துக்கு அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் மற்ற எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார்கள். என்னிடம் வந்து, “வண்டியை எங்கே நிறுத்துவது?” என்று கேட்டார்கள்.

இப்படி உலகம் கணக்கில் எடுத்துக்கொள்ளாத துக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு என்று பிறகு படித்தேன். கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அங்கீகாரம் பறிக்கப்பட்ட துக்கம் என்று தமிழில் சொல்லலாம். துக்கம் இருக்கும், துக்கப்படும் உரிமை மட்டும் இருக்காது. நண்பர்களின் துக்கம் பெரும்பாலும் அந்த வகைதான். 2019இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 26,515 பேரின் தகவல்களை வைத்து இதைப் பார்த்தது. நெருங்கிய நண்பரை இழந்தவர்களின் உடல்நலத்திலும் மனநலத்திலும், மற்றவர்களோடு பழகுவதிலும் நான்கு ஆண்டுகள் வரைகூடப் பாதிப்பு தெரிந்ததாம். என் கணக்கில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது.

நல்ல மனசோடு ஒருவர், “துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, நீங்கள் இப்போது எந்தப் படியில் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969இல் சொன்ன ஐந்து படிகள் அவை. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான் அவர் அதை எழுதினார். அதாவது, அந்தப் படிகள் முதலில் போகிறவர்களுக்குச் சொன்னவை. இருக்கிறவர்களை அதில் ஏற்றிவிட்டது பிற்பாடுதான். எனக்குப் படி எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு நாள் நன்றாக இருப்பேன். மறுநாள், புதிதாக வாங்கிய குடையை யாரிடம் காட்டுவது என்று யோசிக்கும்போது கால் தடுக்கும்.

குடை என்றதும் ஞாபகம் வருகிறது. அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பாகப்பிரிவினை இருந்தது. ஆட்களின் பெயர், தேதி, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவள் ஞாபகத்தில் இருக்கும். இடம், வழி, யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது என் ஞாபகத்தில். ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர் சுமக்க வேண்டியதில்லை. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1985இல் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். நெருங்கிப் பழகுகிறவர்கள் நினைவைத் தங்களுக்குள் பங்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். எது யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் இருவரும் தெரிந்துவைத்துக்கொள்கிறார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவளோடு சேர்ந்து என் இருபத்தோரு வயதும் பாதி போய்விட்டது. பழைய புகைப்படத்தில் என் தோளில் கை போட்டு நிற்கும் பெண் யார் என்று எனக்குத் தெரியவில்லை. புடவையின் நிறம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பெயர் அவளிடம் இருந்தது.

இப்போது குடைக்கு வருகிறேன். இருபத்தைந்து வயதில் நாங்கள் ஒரு ரயிலைத் தவறவிட்டோம். முக்கியமான ரயில், அதைப் பிடித்திருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்திருக்கும் என்று நாங்கள் நம்பினோம். மறந்துவைத்த குடையை எடுக்க அவள் பாதி வழியில் திரும்பிப் போனதால்தான் ரயில் போனது. இது என் கட்சி. நான் நேரத்தைத் தப்பாகப் பார்த்துச் சொன்னேன், குடை எடுக்கப் போகாமல் நேரே வந்திருந்தாலும் ரயில் கிடைத்திருக்காது. இது அவள் கட்சி. முப்பது வருடத்துக்கும் மேலாக இந்த வழக்கு நடந்தது. யார் வீட்டு விசேஷமானாலும் புது ஆள் கிடைத்தால் இருவரும் மாறிமாறி வாதாடுவோம்.

இப்போது வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். எதிர்த்தரப்பு வரவில்லை. ஒரு தடவை அந்தக் கதையை யாரிடமோ சொன்னேன். மறுக்க ஆளில்லாமல், கேட்டவர் தலையாட்டிவிட்டார். அன்றைக்கு வந்தது போன்ற அழுகை, அவள் இறந்த அன்றுகூட வரவில்லை.

அவள்மேல் எனக்குக் கோபமும் உண்டு. நோய் வந்ததை ஐந்து மாதம் என்னிடம் மறைத்தாள். தெரிந்த பிறகு சண்டை போட்டேன். “உன்னிடம் சொன்னால் நீ அழுவாய். உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு நேரமில்லை” என்றாள். இறந்துபோனவள்மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் சங்கப் புலவர் பொத்தியார் கிடைத்தார்.

உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன் என்றால் நமக்குப் பிசிராந்தையார்தான் நினைவுக்கு வருவார். பார்க்காமலே நட்புக் கொண்டு, வந்து கூடவே உயிர்விட்டவர். பொத்தியாரை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அவரும் சோழனோடு சாகத்தான் கிளம்பினார். சோழன் தடுத்துவிட்டான், “மகன் பிறந்தபின் வா” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவர் இல்லாமலே அவன் போய்ச் சேர்ந்தான். சோழன் இல்லாத ஊருக்குத் திரும்பிய பொத்தியார், பல வருடம் சோறூட்டி வளர்த்த யானையை இழந்த பாகன், வெறுமையாய்க் கிடக்கும் கட்டுத்தறியைப் பார்த்து அழுவதுபோல் மன்றத்தைப் பார்த்துக் கலங்கினேன் என்கிறார். பிறகு சோழனின் நடுகல்லுக்கு முன்னால் போய் நிற்கிறார். புகழ்ந்து பாடியதோடு நிற்கவில்லை. என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போன “அன்பிலாள” என்று அதட்டுகிறார். அன்பில்லாதவனே! அப்புறம், “என் இடம் யாது?” என்று கேட்கிறார்.

புறநானூற்றில் இதைப் படித்த அன்று, விடுப்புப் படிவத்தின் அந்தக் கட்டம்தான் கண்முன் வந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் எனக்காகக் கேட்டுவைத்திருக்கிறார். கோபத்தோடு கேட்டிருக்கிறார் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதி.

போன மாதம் அவள் மகள் வந்திருந்தாள். அம்மாவைப்போலவே தாமதமாகத்தான் வந்தாள். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு, “பெரியம்மா, அந்த ரயில் கதை என்ன? அம்மா சொன்னது பாதிதான் ஞாபகம் இருக்கிறது” என்றாள்.

நான் முதலில் அவள் அம்மாவின் கட்சியை எடுத்துச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. நான் கடிகாரத்தை எப்படித் தப்பாகப் பார்த்தேன், அவள் எத்தனை தரம் கேட்டாள், நான் என்ன பதில் சொன்னேன் என்று அவள் சொல்லும் தோரணையிலேயே, கையை ஆட்டிச் சொன்னேன். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். குடை விஷயத்தை மட்டும், அவள் கிளம்பும்போது வாசலில் வைத்து மெதுவாகச் சொல்லிவைத்தேன்.

வணக்கம்.