கரண்ட் வந்ததும் மனசு படபடக்குதா? | ரங்கூன் வ்லாக்

வணக்கம் மக்களே, ரங்கூன்லேர்ந்து பேசுறேன். இப்பதான் கரண்ட் வந்துச்சு, பின்னாடி தண்ணி மோட்டார் ஓடுற சத்தம் கேக்கும், பொறுத்துக்கங்க.

கரண்ட் வர்ற இந்த நேரத்தைப் பத்திதான் இன்னைக்குப் பேசணும். வைஃபை வந்ததுமே போன் விடாம அதிருது இல்லையா? மணிக்கணக்கா தேங்கிக் கிடந்த சேதி எல்லாம் மொத்தமா வந்து கொட்டும். காஸா, உக்ரைன், நம்ம நாட்டுச் சண்டை, எண்ணெய் விலை, யாரோ அனுப்பின இடிஞ்ச கட்டட வீடியோ. தட்டுல சோறு ஆறிப் போகும், கண்ணை எடுக்க முடியாது. அப்புறம் ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்கிறது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்த பூகம்பம் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 7.7 அளவு. 3,000 பேருக்கு மேல போய்ச் சேந்துட்டாங்க. ரொம்ப அடிவாங்கின ஊர் மண்டலே, நம்மள்ல எத்தனை பேருக்கு அங்க சொந்தபந்தம்! லைன் கிடைக்கல. கிடைக்காத நேரமெல்லாம் வீடியோவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்.

இதைப் பத்தி நான் படிச்ச ஒரு விஷயம் சொல்றேன். 2013ல அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்துல குண்டு வெடிச்சுது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதுக்கப்புறம் ஜனங்ககிட்ட விசாரிச்சாங்க. அந்த வாரத்துல தினமும் ஆறு மணி நேரமும் அதுக்கு மேலயும் அந்தச் செய்தியிலேயே கிடந்தவங்களுக்கு, குண்டு வெடிச்ச இடத்துல இருந்தவங்களைவிட மன அழுத்தம் அதிகமா இருந்துச்சாம். எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு.

பாக்காம விட்டா கல்நெஞ்சுக்காரி ஆயிடுவோமோன்னு நமக்குள்ள ஒரு பயம் இருக்கு. இல்லைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் வீடியோ பாத்து மண்டலேல ஒரு செங்கல்லும் நகரல. அரிசி, மருந்து, தார்ப்பாய்னு சேத்து லாரில ஏத்தி விட்டாங்களே, அவங்கதான் நகத்தினாங்க.

கொரோனா சமயத்துல, 2020ல, உலக சுகாதார நிறுவனமே சொல்லுச்சு: செய்தியை ஒரு நாளைக்கு ஒருவாட்டி ரெண்டுவாட்டி, நேரம் வச்சுப் பாருங்கன்னு. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாப்பேன். விளக்கு வச்சப்புறம் பாக்கிறதே இல்ல. சண்டை நடக்கிற பக்கம் உங்க ஆளுங்க இருந்தா இது சரிப்படாது, அவங்க போன் வந்தா எடுத்தே ஆகணும். ஆனா அவங்களுக்கே நேரா போன் போட்டுக் கேளுங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க போட்ட வீடியோல போய்த் தேடாதீங்க.

அப்பவும் படபடப்பு வந்துட்டா, பாட்டியோட தனாக்கா கல்லை எடுத்து வைப்பேன். தனாக்கான்னா இங்க முகத்துல பூசிக்கிற மரக்கட்டைக் குழம்பு, அதை இழைக்கிற கல் இது. இதோ பாருங்க. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு, கட்டையோட பட்டைப் பக்கத்தை வட்டமா இழைக்கணும். அவசரப்பட்டா ஒண்ணும் வராது. தண்ணி கூடிப் போனா இந்த ஓரத்துப் பள்ளத்துல வழிஞ்சிடும். கொஞ்சம் கொஞ்சமா வெளிர் மஞ்சளா குழம்பு சேரும், சந்தனம் மாதிரி ஒரு வாசம். கன்னத்துல வச்சா ஜில்லுங்குது. காஞ்சதும் தோலை லேசா இழுக்கும். அதுக்குள்ள மூச்சு தானா சீராயிடும். மன அழுத்தத்துக்குன்னு அதே உலக சுகாதார நிறுவனம் போட்ட கையேட்டுலயும் முதல் பாடம் இதுதான்: பாதம் தரையில படுறதை உணருங்க, காதுல என்ன கேக்குது, கையில என்ன படுதுன்னு கவனிங்க.

வெள்ளிக்கிழமையானா எங்க ஏரியா கோயில்ல அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போயிடுவேன். அக்காங்க, சித்திங்களோட உக்காந்து பூசணிக்காய் வெட்டிட்டு வந்தா அன்னைக்கு ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்.

வாரக்கணக்கா தூக்கமில்ல, சோறு இறங்கலன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க. வாழவே வேண்டாம்னு நினைப்பு வந்தா அந்த நிமிஷமே பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க.

மண்டலே, மோல்மீன், தட்டோன்ல இருக்கிற நம்ம ஆளுங்களே, ராத்திரியில நீங்க எப்படி மனசை ஆத்திக்கிறீங்கன்னு எழுதுங்க, அடுத்த வீடியோல படிக்கிறேன்.