அக்குளில் கிழிந்த ராஷ் கார்டும் என் முதல் அண்டர்ஹூக் ஸ்வீப்பும்

வணக்கம் நண்பர்களே. முதலில் இந்த இடது அக்குளைப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றில் 850 ரூபாய் கொடுத்து வாங்கிய ராஷ் கார்டு, அதாவது உடலோடு ஒட்டும் பயிற்சிச் சட்டை, தரையில் மல்லுக்கட்டும் ஜியு-ஜிட்சுப் பயிற்சியின் மூன்றாவது வகுப்பிலேயே தையல் பிரிந்துவிட்டது. எம்.சி. ரோட்டில் பேரம் பேசியே வளர்ந்த எனக்குப் பத்து ரூபாய்கூடக் குறைக்காத அந்தக் கடைக்காரர், “கையை அவ்வளவு தூரம் நீட்டினால் துணி என்ன செய்யும்?” என்று கேட்டார். மல்லுக்கட்டுவதற்கென்று விற்கும் சட்டையில் கையை நீட்டக் கூடாதாம்! எங்கள் தெருத் தையல்காரர் 40 ரூபாய்க்கு இரட்டைத் தையல் போட்டுத் தந்தார்; அது இன்னும் அசையவில்லை.

ஆனால் அது கிழிந்த நேரம் நல்ல நேரம். கீழே படுத்தபடி மேலே இருப்பவரின் ஒரு காலை மட்டும் நம் கால்களுக்கிடையே பூட்டிக்கொள்ளும் ஹாஃப் கார்டு சோம்பேறிகளின் ஆட்டம் என்று பழைய வீடியோக்களில் நான் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். அதைத் திரும்பப் பெறுகிறேன். காசிமேட்டில் வலை இழுக்கும் அண்ணனை, 92 கிலோ எடையுள்ளவரை, செவ்வாய்க்கிழமை அந்த ஹாஃப் கார்டிலிருந்துதான் புரட்டினேன்.

அவருடைய வலது காலை என் கால்களுக்கிடையே பூட்டி, வலப்பக்கமாக ஒருக்களித்து, இடது கையை அவருடைய வலது அக்குளுக்குள் செலுத்தி (இதுதான் அண்டர்ஹூக்), காதை அவர் விலாவில் ஒட்டிக்கொண்டு முழங்காலுக்கு எழுந்தேன். அவர் உடனே என் கைக்கு மேலாகத் தன் கையைச் சுற்றி விசர் போட்டு அழுத்தினார். நான் வலது கையால் அவருடைய இடது முழங்காலை அடைத்து, தோளால் தள்ளினேன், சாய்ந்துவிட்டார். இப்படிக் கீழிருந்து புரட்டி மேலே வருவதுதான் ஸ்வீப். போட்டியாக இருந்தால், மேலே வந்து 3 நொடிகள் நிலைத்திருந்தால்தான் அதற்கு 2 புள்ளிகள். நான் இரண்டாவது நொடியிலேயே கத்திக் கொண்டாடிவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இதற்கெல்லாம் முன்பு, அவர் தன் கையை என் கழுத்துக்கடியில் விட்டுத் தோளால் என் முகத்தைத் திருப்பும் கிராஸ்ஃபேஸைத் தடுத்தாக வேண்டும். முகம் மேலே திரும்பி முதுகு தரையில் படிந்துவிட்டால், அக்குளுக்குள் கை இருந்தும் அது வெறும் அணைப்புதான்.

மேலே இருப்பவருக்கும் அதே அக்குள்தான் வாசல். வலது முழங்காலால் கீழே இருப்பவரின் தொடையை அறுத்துக்கொண்டு கடக்கும் நீ கட் பாஸில், அதே பக்க வலது கை அவருடைய இடது அக்குளுக்குள் போய்விட்டால், அவரால் ஒருக்களிக்கவே முடியாது. அந்த இரண்டு கைகளில் எது உள்ளே புகுகிறது என்பதில்தான் பாதி ஆட்டம் முடிகிறது. இப்படிக் கீழே இருப்பவரின் கால்களைக் கடந்துவிடும் கார்டு பாஸுக்கு 3 புள்ளிகள் கிடைப்பதால், தாமதிப்பவருக்கு நட்டம் அதிகம். கையை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு முழங்காலை மறுபக்கம் அனுப்புபவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சென்ற மாதம் வரை நானும் அப்படித்தான்.

கடைசியாக, அந்தத் தையல் எப்படிப் பிரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முறை பேராசைப்பட்டு, தலையைக் கீழே விட்டுக் கையை அவருடைய முதுகின் மறுகோடி வரை நீட்டினேன். அண்ணன் என் அக்குளுக்கடியில் கையைக் கோத்துக் கழுத்தைச் சுற்றி, டார்ஸ் சோக் என்ற கழுத்து நெரிப்பில் இறுக்கிவிட்டார். தோற்றேன் என்று தட்டிவிட்டு எழுந்தபோதுதான் துணி தொங்குவதைப் பார்த்தேன். ஆக, கடைக்காரர் சொன்னது சரிதான். அவரிடம் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.