மணி தெரியாத சில்லு

நேயர்களுக்கு வணக்கம்.

காலை 11 மணிக்கு ஒரு வேலையைத் தொடங்குகிறீர்கள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் கடிகாரத்தில் மணி 2. எவ்வளவு நேரம் ஆனது? 3 மணி நேரம் என்று யோசிக்காமலே சொல்லிவிடுவீர்கள். 2-லிருந்து 11-ஐக் கழித்தால் 3 எப்படி வரும் என்று யாரும் தடுமாறுவதில்லை. முள் 12-ஐத் தாண்டி மறுசுற்று வந்திருக்கிறது என்பது சின்ன வயதிலேயே நமக்குப் பழகிவிட்டது. இதே விஷயத்தை ஒரு மைக்ரோகண்ட்ரோலருக்குச் சொல்லிக்கொடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சலவை இயந்திரத்துக்குள், ரிமோட்டுக்குள், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானிக்குள் எல்லாம் ஒரு சின்னச் சில்லு உட்கார்ந்திருக்கிறது. அதுதான் மைக்ரோகண்ட்ரோலர். அதற்கு இப்போது மணி என்ன, தேதி என்ன என்று எதுவும் தெரியாது. எண்ண மட்டும் தெரியும். அதன் பக்கத்தில் சீராகத் துடிக்கும் ஒரு அலையியற்றி இருக்கும். பலரும் கற்றுக்கொள்ளப் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் மூன்றாம் பதிப்பில் அது விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 62.5 நானோ விநாடி. இந்தத் துடிப்புகளை எண்ணுவதற்கென்றே சில்லுக்குள் தனியாக ஒரு கவுண்டர் இருக்கிறது. அதைத்தான் டைமர் என்கிறோம்.

தனியாக என்று சொன்னதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு விநாடி காத்திருக்க வேண்டும் என்றால், 'டிலே' என்ற கட்டளையைப் போட்டு புரோகிராமையே நிறுத்திவைப்பார்கள். அந்த ஒரு விநாடி முழுக்கச் சில்லு வேறு எதையும் கவனிக்காது. நீங்கள் பொத்தானை அழுத்தி எடுத்துவிட்டால் அது அதற்குத் தெரியவே தெரியாது. டைமர் அப்படியல்ல. புரோகிராம் எந்த வேலையில் மூழ்கியிருந்தாலும், அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும். வேண்டும்போது எட்டிப் பார்த்து எண்ணை எடுத்துக்கொண்டால் போதும்.

ஆனால் அந்தக் கவுண்டர் சின்னது. ஊனோவில் உள்ள ஏடிமெகா 328பி சில்லில் மூன்று டைமர்கள். இரண்டு 8 பிட், ஒன்று 16 பிட். 8 பிட் என்றால் 0 முதல் 255 வரைதான் எண்ணும், அடுத்த துடிப்பில் மறுபடி பூஜ்யம். முழு வேகத்தில் விட்டால் 16 மைக்ரோ விநாடியில் நிரம்பிவிடும். 16 பிட் கவுண்டர்கூட 4 மில்லி விநாடிக்கு மேல் சற்றுத்தான் தாங்கும். அதனால் நடுவில் ப்ரீஸ்கேலர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எட்டுத் துடிப்புக்கு ஒன்று, 64 துடிப்புக்கு ஒன்று, 1024 துடிப்புக்கு ஒன்று என்று குறைத்து எண்ணச் சொல்லலாம். 1024 என்று வைத்தால் 16 பிட் கவுண்டர் நிரம்ப 4.19 விநாடி ஆகும். ஆனால் அப்போது 64 மைக்ரோ விநாடிக்குக் குறைவான எதையும் உங்களால் பார்க்க முடியாது. நீளம் கூடினால் நுணுக்கம் குறையும்.

இரண்டும் வேண்டும் என்றால்? நாழிகை வட்டிலை நினைத்துப் பாருங்கள். அடியில் சின்னத் துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். நீர் ஏறி ஏறி, ஒரு நாழிகையில் கிண்ணம் மூழ்கும். பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்து மறுபடி மிதக்கவிட்டு, ஒரு கோடு போட்டுக்கொள்வார். எத்தனை கோடு, கிண்ணத்தில் இப்போது எவ்வளவு நீர், இந்த இரண்டும் தெரிந்தால் எவ்வளவு நேரம் கழிந்தது என்று சொல்லிவிடலாம். டைமரிலும் இதுதான் நடக்கிறது. கவுண்டர் நிரம்பி வழிவதை ஓவர்ஃப்ளோ என்கிறார்கள். அது நடந்ததும் இன்டரப்ட் என்ற சைகை போகும். புரோகிராம் கையிலுள்ள வேலையை ஒரு கணம் நிறுத்தி, நினைவகத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பும்.

இந்த ஏற்பாடு அழகானது. பிசகுவதற்கும் இங்கேதான் இடம் இருக்கிறது. கோடு போடுகிறவர் வேறு வேலையில் இருக்கும்போது கிண்ணம் இரண்டு முறை மூழ்கினால் ஒரு கோடு விட்டுப்போகும். இன்டரப்டுகளை நீண்ட நேரம் அணைத்துவைக்கும் புரோகிராமில் கடிகாரம் மெதுவாவது இப்படித்தான். இன்னொரு நிலைமை இதைவிட நுட்பமானது. கிண்ணம் மூழ்கியாயிற்று, மறுபடி மிதக்கிறது, ஆனால் கோடு இன்னும் விழவில்லை. சரியாக அந்தக் கணத்தில் நீங்கள் வந்து நேரத்தைப் படிக்கிறீர்கள். கோடு பழையது, நீர் புதியது. நேரம் பின்னால் போனது போலத் தெரியும். இது லட்சத்தில் ஒரு முறை நடக்கலாம். சோதனை மேசையில் ஒரு நாளும் மாட்டாது. இதற்கு ஒரே வழி, படிக்கும்போது ஓவர்ஃப்ளோ நடந்ததைக் காட்டும் கொடி, அதாவது அதற்கான பிட், ஏறியிருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்த்து, ஏறியிருந்தால் அந்த விடுபட்ட கோட்டை நாமே கூட்டிக்கொள்வது. மைக்ரோ விநாடியில் நேரம் சொல்லும் ஆர்டுயினோவின் 'மைக்ரோஸ்' என்ற செயற்கூறைத் திறந்து பார்த்தால் இதே சோதனை அங்கே இருக்கும்.

படிப்பதிலேயே இன்னொரு சிக்கல். இது 8 பிட் சில்லு. 32 பிட் எண்ணை நான்கு துண்டாகத்தான் எடுக்கும். முதல் துண்டை எடுத்த பிறகு இன்டரப்ட் வந்து எண்ணை மாற்றிவிட்டால், பழைய துண்டும் புதிய துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். 255 அல்லது 256 என்று வர வேண்டிய இடத்தில் 511 வந்து நிற்கும். அதனால் படிக்கும் அந்தச் சில கணங்களுக்கு மட்டும் இன்டரப்டை அணைத்துவிட்டுப் படிக்க வேண்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். செடிகளுக்கு 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, 10 நிமிடம் தண்ணீர் விடும் ஒரு கருவி செய்திருந்தேன். ஏழு வாரம் ஒழுங்காக ஓடியது. 50-ஆவது நாள் மோட்டார் அணையவே இல்லை. சுமார் 5 மணி நேரம் விடாமல் ஓடி, தொட்டி காலியாகி, செடிகள் சேற்றில் நின்றன. அப்புறம் அதுவாகவே சரியாகிவிட்டது. யாரும் தொடவில்லை, மின்சாரம் போகவில்லை. மோட்டாரை மாற்றினேன், அதைப் போட்டு அணைக்கும் ரிலேயை மாற்றினேன். அடுத்த ஏழு வாரம் கழித்து மறுபடி அதே கூத்து.

காரணம் ஒரே ஒரு வரி. ஆர்டுயினோவில் 'மில்லிஸ்' என்று கேட்டால், இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லி விநாடிகளைச் சொல்லும். அது 32 பிட் எண். 429 கோடியே 49 லட்சத்தைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். நாள் கணக்கில் 49.7. நான் எழுதியது இது: இப்போதைய நேரத்தோடு 6 மணி நேரத்தைக் கூட்டி, அடுத்த முறை எப்போது என்று குறித்துவை, இப்போதைய நேரம் அதைத் தாண்டினால் மோட்டாரைப் போடு. 1188-ஆவது மணி நேரத்தில் 6-ஐக் கூட்டினால் 1194. ஆனால் எண்ணின் எல்லையே 1193 மணி நேரம்தான். கூட்டல் எல்லையைத் தாண்டிச் சுற்றி, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான சின்ன எண்ணாக நின்றது. 1188 அதைவிடப் பெரியது அல்லவா? உடனே மோட்டாரைப் போடு. முடிந்ததா, மறுபடி குறித்துவை, மறுபடி சின்ன எண், மறுபடி போடு. கவுண்டர் உண்மையிலேயே பூஜ்யத்துக்குத் திரும்பும் வரை இதே சுழல். திரும்பியதும் எல்லாம் சுகம்.

திருத்தமும் ஒரே வரிதான். எப்போது போட வேண்டும் என்று குறித்துவைப்பதை விட்டுவிட்டு, கடைசியாக எப்போது போட்டேன் என்பதைக் குறித்துவைத்தேன். இப்போதைய எண்ணிலிருந்து அதைக் கழித்தால் கழிந்த நேரம். அது 6 மணி நேரத்தை எட்டிவிட்டதா என்று மட்டும் பார்த்தேன். எதிர்க்குறி இல்லாத எண்களாக வைத்துக் கழிக்கும்போது, சில்லு தானாகவே ஒரு சுற்றைச் சேர்த்துக்கொள்கிறது. 8 பிட்டில் 250-இல் தொடங்கி 4-இல் படித்தால், 4-லிருந்து 250 போக மீதி 10 என்று சரியாக வரும். 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையே நீங்கள் மனத்தில் செய்தீர்களே, அதே கணக்கு.

இதில் இரண்டு நிபந்தனைகள். அளக்கும் நேரம் ஒரு முழுச் சுற்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 12 மணிக் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்து, 3 மணி நேரமா 15 மணி நேரமா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, நேரம் ஒருபோதும் பின்னால் போகக் கூடாது. கிண்ணம் மூழ்கும் கணத்தில் படிக்கும் சிக்கலைச் சொன்னேனே, அங்கே கொஞ்சம் பின்னால் போனால், கழித்தலில் அது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்றாகத் தெரியும். ஒரு மில்லி விநாடிப் பிழை 49 நாளாக வீங்கிவிடும்.

இது என் தோட்டத்தோடு நிற்கிற பிழை அல்ல. விண்டோஸ் 95, விண்டோஸ் 98 இரண்டும் இதே 49.7 நாளில் உறைந்து நிற்கும் பிழையோடு வெளிவந்தன. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் நின்றுபோகக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் உத்தரவே போட வேண்டி வந்தது. 248 நாளை விநாடியில் நூறில் ஒரு பங்காக எண்ணினால், 31 பிட் நிரம்பும் இடம் சரியாக அங்கேதான் வருகிறது.

ஒன்றை மட்டும் என்னால் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியாட் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு 100 மணி நேரமாக நிற்காமல் இயங்கிக்கொண்டிருந்தது. அது நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. எண்ணியதில் தவறே இல்லை. ஆனால் அந்த எண்ணை விநாடியாக மாற்ற 0.1-ஆல் பெருக்கியது. பைனரியில், அதாவது கணினியின் 0, 1 எண் முறையில், 0.1 முடிவே இல்லாத பின்னம். 24 பிட்டில் வெட்டினால் கொஞ்சம் சிந்தும். 100 மணி நேரத்தில் அந்தச் சிந்தல் 0.34 விநாடி ஆனது. ஏவுகணையைக் கண்ட இரண்டு நேரங்களையும் ஒரே பிழையோடு மாற்றிக் கழித்திருந்தால் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போயிருக்கும். ஆனால் புரோகிராமின் சில இடங்களில் மட்டும் திருத்திய கணக்கைப் போட்டிருந்தார்கள், மற்ற இடங்களில் பழையது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கே வந்து சேர்ந்தது. அதைப் படித்த பிறகு நான் நேரத்தை எப்போதும் முழு எண்ணாகவே வைத்துக் கழிக்கிறேன். விநாடியாக மாற்றுவது திரையில் காட்டும்போது மட்டும்தான்.

இதற்கு நேர்மாறாக, டைமர் தரும் ஒரு சந்தோஷமான வசதி இருக்கிறது. 'இன்புட் கேப்ச்சர்' என்பார்கள். ஒலி அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் சென்சார்களைப் பார்த்திருப்பீர்கள். போய்வர ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 58 மைக்ரோ விநாடி. எதிரொலி வந்ததை புரோகிராம் கவனித்து, ஓடிப்போய் டைமரைப் படிப்பதற்குள் நேரம் நகர்ந்திருக்கும். இன்புட் கேப்ச்சரில் அந்த வேலையை வன்பொருளே செய்கிறது. கம்பியில் மின்னழுத்தம் மாறிய அதே கணத்தில் கவுண்டரின் எண், ரெஜிஸ்டர் என்ற சின்ன நினைவிடத்தில் பதிந்துவிடும். நாம் நிதானமாக வந்து எடுத்துக்கொள்ளலாம். எட்டுக்கு ஒன்று என்று ப்ரீஸ்கேலரை வைத்தால், ஒரு எண்ணிக்கை அரை மைக்ரோ விநாடி. 4 மீட்டர் தூரத்துக்குப் போய்வர 23 மில்லி விநாடி. கவுண்டரின் ஒரு சுற்று 32.8 மில்லி விநாடி. ஆக, ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது. கோடு போட ஆளே தேவையில்லை, ஒரு கழித்தல் போதும். முதல் முறை இதைச் செய்துபார்த்தபோது, ஆடிக்கொண்டே இருந்த எண் அப்படியே அசையாமல் நின்றது. அன்று இரவு நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணுவது சரியாக இருந்தாலும், துடிப்பே சீராக இல்லாவிட்டால்? ஊனோவின் மூன்றாம் பதிப்பில் முதன்மைச் சில்லுக்கு வைத்திருப்பது பீங்கான் ரெசனேட்டர். அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம், ஒரு நாளைக்கு 7 நிமிடம். எதிரொலி அளக்க இது போதும், சுவர்க் கடிகாரம் செய்யப் போதாது. கைக்கடிகாரங்களில் உள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை துடிக்கும். 15 தடவை இரண்டால் வகுத்தால் சரியாக ஒன்று. சாதாரணப் படிகத்தில் பிழை நாளைக்கு 2 விநாடிக்குள் அடங்கும். ஆனால் படிகத்தைக் குறை சொல்வதற்கு முன் நம் கணக்கையும் பார்க்க வேண்டும். 1024 ப்ரீஸ்கேலரோடு ஒரு விநாடி வேண்டுமென்றால், எந்த எண் வரை எண்ணிவிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லும் ஒப்பீட்டு ரெஜிஸ்டரில் 15,624 என்று எழுத வேண்டும். பூஜ்யமும் ஒரு எண்ணிக்கை என்பதை மறந்து 15,625 என்று எழுதினால், நாளைக்கு ஐந்தரை விநாடி பின்தங்கும்.

கடைசியாக, 49 நாள் காத்திருக்காமல் உங்கள் புரோகிராமைச் சோதிக்கும் வழி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதியவர்கள், தங்கள் கவுண்டரைப் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. 32 பிட் அளவில் 5 நிமிடத்தில் சுற்றிவிடும்படியாக, வேண்டுமென்றே எல்லைக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்குகிறார்கள். பிழை இருந்தால் இயந்திரம் இயங்கிய ஐந்தாவது நிமிடமே வெளியே வந்துவிடும். நீங்களும் செய்யலாம். 'மில்லிஸ்' சொல்லும் எண்ணோடு, அது சுற்றித் திரும்பும் எல்லைக்குச் சரியாக ஒரு நிமிடம், அதாவது 60,000, குறைவான எண்ணான 4,294,907,296-ஐக் கூட்டி, அதையே எல்லா இடத்திலும் நேரமாகப் பயன்படுத்துங்கள். கருவியை இயக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஓரிரு நிமிடம் பாருங்கள். எல்லைக்குப் பக்கத்தில் புரோகிராம் தடுமாறுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

நன்றி. வணக்கம்.