கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் வாசகப் பெருமக்களே, வணக்கம்.

'இன்றைய மர்ம நாவல்களை வாசிப்பது இன்பமா, வீண்பொழுதா?' என்பது தலைப்பு. இன்பமே என்ற அணிக்காக வந்து நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டால் அந்தப் புத்தகம் பழைய பேப்பர் கடைக்குத்தான் லாயக்கு என்றார். சாவைப் படித்து மகிழ்கிறவர்களின் மனம் மரத்துப்போகும் என்றார். அந்த நேரத்தில் பயனுள்ள நூல் ஒன்றைப் படிக்கலாமே என்றும் கேட்டார். முதல் குற்றச்சாட்டுக்கு அவை கைதட்டியது. ஆகவே அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் நாவல் ஒன்று 2005-இல் வெளிவந்து அந்நாட்டின் நவோகி பரிசைப் பெற்றது. 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். அதில் கொலை தொடக்கத்திலேயே நம் கண்முன் நடந்துவிடுகிறது. சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் யாசுகோ, தன்னை விடாமல் துரத்திவரும் முன்னாள் கணவனை, மகளோடு சேர்ந்து கொன்றுவிடுகிறாள். பக்கத்து வீட்டில் தனியாக வாழும் கணித ஆசிரியர் இஷிகாமி நடந்ததை ஊகித்து, இருவரையும் காப்பாற்றும் பொறுப்பைத் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறார்.

எதிரணித் தலைவர் சொன்னபடி பார்த்தால், வாசகர் இந்த இடத்தில் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். கொன்றவள் யார், ஏன் கொன்றாள் என்பதெல்லாம் தெரிந்தாகிவிட்டது. ஆனால் விறுவிறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. சம்பவ நாளன்று எங்கே இருந்தாள் என்று யாசுகோ சொல்வதைப் போலீஸ்காரர்கள் எப்படித் துருவிப் பார்த்தாலும் அதில் விரிசல் விழவில்லை. ஏன் விழவில்லை? இந்த ஒரு கேள்வி போதும், இரவு இரண்டு மணிவரை விளக்கை அணைக்க விடாது.

இஷிகாமி தன் தேர்வுத்தாள்களைப் பற்றிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பார்த்தால் வடிவியல் கணக்குப் போலவே இருக்கும். ஆனால் அது வேறொரு பிரிவைச் சேர்ந்த கணக்கு. பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடும் மாணவன் கடைசிவரை தப்பான பாதையிலேயே போவான். ஆசிரியர் அதை மாணவர்களைப் பற்றிச் சொல்கிறார் என்று எண்ணி நாமும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அவர் காலை 7:35-க்கு வீட்டை விட்டு இறங்கி, ஆற்றங்கரையோரமாக நடந்து, கடையில் மதியச் சாப்பாடு வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போகும் முதல் அத்தியாயத்தையும், கதை இன்னும் தொடங்கவில்லை என்ற நினைப்பில் வேகமாகக் கடந்துவிடுகிறோம். நாவலை முடித்தவர்களைக் கேளுங்கள், முதல் வேலையாக அந்தப் பக்கங்களுக்கே திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். இதற்கு மேல் நான் வாயைத் திறந்தால் இனிப் படிக்கப்போகிறவர்களுக்குத் துரோகம் செய்தவர் ஆவேன்.

ரோனல்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை எழுதினார். துப்பறிபவர் கண்ணில் படும் தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நல்ல மர்ம நாவல் இன்றைக்கும் அந்த நேர்மையில்தான் நிற்கிறது. ஒளித்துவைத்து ஏமாற்றினால் நமக்குக் கோபம் வரும். எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்திருந்தும் நாம் பார்க்கவில்லை என்று தெரிய வரும்போது வருகிற வியப்பு இருக்கிறதே, அதற்கு ஈடான வாசிப்பு இன்பத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசித் திருப்பத்துக்காக வாசகரிடம் கூசாமல் பொய் சொல்லும் நாவல்களும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றைக் காப்பாற்ற நான் இந்த மேடைக்கு வரவில்லை.

மனம் மரத்துப்போகும் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020-இல் வந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் முதியோர் குடியிருப்பு ஒன்று. எழுபது வயதைத் தாண்டிய நான்கு பேர் வியாழக்கிழமைதோறும் கூடி, துப்புத் துலங்காத பழைய வழக்குகளை ஆராய்கிறார்கள். அவர்களில் எலிசபெத் முன்னாள் உளவாளி. அவள் தன் நாட்குறிப்பில் இரண்டு வாரம் தள்ளி வரும் தேதியில் ஒரு கேள்வியை எழுதி வைக்கிறாள். அந்த நாள் வந்ததும் பக்கத்தைத் திறந்து, விடை நினைவிருக்கிறதா என்று தன்னையே சோதித்துக்கொள்கிறாள். அவளுடைய கணவர் ஸ்டீபனின் நினைவு மெல்ல மெல்ல மங்கிவருகிறது. அது அடுத்தவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அவள் பாதுகாக்கிறாள். தனக்கும் அப்படி நேருமோ என்ற அச்சம்தான் அந்தக் கேள்விகளை எழுதவைக்கிறது. நடுவர் அவர்களே, கொலையைத் தேடிப் புத்தகத்தை எடுத்த வாசகர் இங்கே வந்து நிற்கிறார். இதைப் படித்து மனம் மரத்துப்போனவர் ஒருவரை எதிரணி காட்டட்டும்.

ஜேன் ஹார்ப்பரின் 'தி டிரை' நாவலையும் சொல்லிவிடுகிறேன். மழை பொய்த்த ஆஸ்திரேலியச் சிற்றூருக்கு நண்பனின் இறுதிச் சடங்குக்காகத் திரும்பிவரும் ஃபால்க் என்ற போலீஸ்காரர், சிறுவயதில் குளித்து விளையாடிய ஆற்றைத் தேடிப் போகிறார். ஆறு இல்லை, வெடித்துக் கிடக்கும் மண்தான் இருக்கிறது. ஆறுகள் வறண்டதைக் கண்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பயனுள்ள நூலைப் படிக்கலாமே என்ற கேள்விக்கு வருவோம். நாள் முழுக்க உழைத்தவர் இரவில் தனக்குப் பிடித்ததைப் படிப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பயன் வேண்டும் என்கிறவர்களுக்காக ஒரே ஒரு நாவல். சுஜாதா மாஸி 2018-இல் எழுதிய 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்', 1921-ஆம் ஆண்டுப் பம்பாயில் நடக்கிறது. இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர்களுள் ஒருவரான கார்னிலியா சொராப்ஜியின் வாழ்க்கை அதற்கு ஒரு தூண்டுதல். ஆலை முதலாளி ஒருவரின் விதவைகள் மூவர், கோஷா முறையில், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வாழ்கிறவர்கள், தங்கள் பங்குச் சொத்தை அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடுவதாக எழுதித் தருகிறார்கள். விரும்பித்தான் கொடுத்தார்களா? உள்ளே போய்க் கேட்க ஆண் வழக்கறிஞரால் முடியாது. பார்சிப் பெண்ணான பெர்வீன் மிஸ்திரி போகிறாள். அவள் போய்வந்த சற்றைக்கெல்லாம் அந்த வீட்டில் ஒரு கொலை விழுகிறது. போலீஸாலும் அந்தப் பெண்களைச் சுலபமாக விசாரிக்க முடியவில்லை.

அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். பெர்வீன் அந்த வீட்டுக்குள் நுழையும் பக்கத்தில் நாவலை மூடிவைத்துவிட்டு, நீங்கள் சொல்லும் பயனுள்ள நூலை எடுக்க உங்களுக்குக் கை வருமா? அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்டபின், நடுவர் அவர்களே, நீங்கள் தீர்ப்பு வழங்குங்கள். நன்றி, வணக்கம்.